ஹலீனா பேசப் பழகிய குளிர்காலம்

முதல் நாள் காலையில் ஹலீனாவின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் பாலின். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் நோகடிக்காத மனுஷி. ஹலீனா அவர் தலையை அலசி, துண்டால் ஒற்றி, சீப்பைக் கையில் எடுத்ததும் பாலின் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

ஹலீனா சீப்பைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"நல்லா இல்ல. ராத்திரி தூக்கம் வரல. முட்டி வலி. இந்த முட்டி. அங்க வீட்டுல குழாய்த் தண்ணி உப்பு. புருஷன் உப்புத் தண்ணில சட்டை துவைக்கிறான். தம்பி வீட்டுக்கு ஜன்னல் இல்ல, உடைஞ்சுபோச்சு. எனக்கு இங்க..." என்று நெஞ்சில் கையை வைத்தாள். அதற்கு ஆங்கிலத்தில் அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

பாலினின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அடடா" என்றார். "அடடா, பாவம்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் வார்த்தை கிடைக்கவில்லை. போகும்போது பாலின் ஹலீனாவின் உள்ளங்கையில் தாராளமாகவே டிப்ஸை வைத்து அழுத்திவிட்டுப் போனார். அடுத்த முறை போன் செய்து, "ட்ரூடி, நான் உங்கிட்டயே வந்துடறேன்மா. அந்தப் பொண்ணு நல்லாத்தான் வெட்டுது. ஆனா என்னால தாங்க முடியல" என்றார்.

ட்ரூடி என்பது நான்தான். யார்க்டன் ஊரில் வெர்னாவின் சலூனில் ஹலீனாவுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. கண்ணாடி ஒன்றே இரண்டு பேருக்கும். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்ததை நேராகவும் பார்த்தேன், கண்ணாடியிலும் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு உக்ரேனியக் குடும்பப் பெயர். எனக்கும் அப்படித்தான். ஆனால் எங்கள் முன்னோர்கள் கடல் கடந்து இந்தச் சமவெளிக்குக் கொண்டுவந்த மொழியில் எங்களிடம் மிஞ்சியது சில பலகாரங்களின் பெயர்களும் இரண்டு கெட்ட வார்த்தைகளும்தான். போருக்குத் தப்பி ஹலீனா வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் எல்லோரும் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டோம். கட்டிக்கொண்ட பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் அவரவர் மேல்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

உக்ரேனில், மிக்கோலாயிவ் நகரத்தில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சலூன் இருந்தது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே, மருந்துக் கடைக்குப் பக்கத்தில். முடி வெட்ட வருகிறவர்களைவிடப் பேச வருகிறவர்களே அங்கே அதிகமாம். கல்யாணம் நிச்சயமானால் முதலில் அவளிடம் வந்து சொல்வார்கள். முறிந்தாலும் முதலில் அவளிடம்தான். அவளும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. எதிர்க்கேள்வி கேட்பாள், நடித்துக் காட்டுவாள், அழுகிறவளைச் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவாள். அவள் புருஷன் பெத்ரோ அந்த ஊர்க் குடிநீர்த் துறையில் பழுது பார்க்கிறவர். போர் நடக்கும்போது ஆண்களை நாட்டைவிட்டு வெளியே விடுவதில்லை, அதனால் அவரால் வர முடியாது. மகள் மரிச்கா போலந்தில் ஒரு பேக்கரியில். ஹலீனா தனியாக எங்களிடம் வந்தாள். இதெல்லாம் அவளுக்கு ஆங்கிலம் வந்த பிறகு எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஹலீனா ஐம்பதைத் தொட்ட, அகன்ற தோள்களுள்ள, சிரிக்காத ஒரு பெண். கத்தரிக்கோல் பிடித்தால் நான் இமைக்காமல் பார்ப்பேன். அவ்வளவு சுத்தமான வேலை. வாயைத் திறந்தால் மட்டும் சலூனே அமைதியாகிவிடும்.

வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணிடம், "உனக்கு வயசு என்ன? ஏன் கல்யாணம் இல்ல?" என்று கேட்டாள். தபால் நிலையத்து ஆளிடம் சம்பளம் கேட்டாள். வெர்னாவின் நாத்தனாரிடம், "இன்னிக்கு நீ ரொம்பக் கிழவி மாதிரி இருக்கே. தூங்கலையா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள். அந்த அம்மாள் இன்றைக்கும் எங்கள் கடை வாசலை மிதிப்பதில்லை.

ஒரு நாள் மதியம் பின் அறையில் நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். ஹலீனா ஜன்னலோரம் நின்று போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் குரல் ஏறியது, இறங்கியது, யாரையோ போல மூக்கால் பேசியது. ஒரு கை காற்றில் எதையோ வரைந்தது. மறுமுனையில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகம் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டது.

"துண்டு... நான் மடிக்க?" என்றாள்.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. இவ்வளவு பேச்சு உள்ளே இருக்கிறவளிடம் எங்களுக்குக் கிடைத்தது இந்த மூன்று சொல்தான்.

நவம்பரில் வெர்னா அவளைக் கூப்பிட்டுப் பேசினாள். வெர்னா கெட்டவள் இல்லை. மனதில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான். ஹலீனாவுக்குப் புரியாததை மெதுவாகத் திருப்பிச் சொல்ல வசதி என்று என்னையும் நிற்கச் சொன்னாள்.

"ஹலீனா, உன் கையில ஒரு குறையும் இல்ல. எங்க எல்லாரையும்விட நல்லா வெட்டுற. ஆனா ஒரு தடவை உங்கிட்ட உக்காந்தவங்க மறுபடி உக்கார மாட்டேங்கறாங்க. உன் நாற்காலி காலியாவே கிடக்கு. நீ பின்னால போயிடேன். தலை அலசறது, சாயம் கலக்கறது, கூட்டறது. சம்பளம் கொறையாது."

நான் அதை எளிய சொற்களில் திருப்பிச் சொன்னேன். பாதியிலேயே ஹலீனா கையை உயர்த்தினாள்.

"புரியுது. கூட்டறது. புரியுது." அவள் கழுத்து சிவந்தது. "இல்ல."

"இல்லன்னா?"

"நான் பேசுவேன்."

"ஹலீனா, இது உன் தப்புன்னு நான்..."

"நான் பேசுவேன், வெர்னா. இங்க எப்படிப் பேசறீங்களோ அப்படி. பனி உருகும், அது வரைக்கும் நாற்காலி எனக்கு. பனி உருகி, அப்பவும் யாரும் வரல, நான் கூட்டுவேன். பாட்டுப் பாடிட்டே கூட்டுவேன்."

வெர்னா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "சரி, பனி உருகற வரைக்கும்" என்றாள் வெர்னா.

நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்கு மாலையில் ஆங்கில வகுப்பு நடக்கும். அதில் ஒரு பாடமே இதற்கென்று இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று. மறுநாள் காலை ஹலீனா கோபமாக வந்து சேர்ந்தாள்.

"டீச்சர் சொல்றா, வானிலை பேசணும். விடுமுறை பேசணும். நாய் இருந்தா நாய் பேசணும். வயசு கூடாது, காசு கூடாது, சாமி கூடாது, நோய் கூடாது, புருஷன் பொண்டாட்டி சண்டை கூடாது." விரல்களை மடக்கிக்கொண்டே வந்தவள் கையை உதறினாள். "ட்ரூடி, அப்ப மனுஷங்க எதைத்தான் பேசறது? வானிலைக்கு ஜன்னல் இருக்கே. அவனும் பாக்கறான், நானும் பாக்கறேன். குளிரு. ரெண்டு பேருக்கும் தெரியும். எதுக்குச் சொல்லணும்?"

பிறந்ததிலிருந்து செய்கிற ஒன்றை எதற்குச் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எப்படிச் சொல்வது? "நான் ஒண்ணும் கெட்டவ இல்ல, உன்னைக் கடிக்க மாட்டேன்னு சொல்றோம், அவ்வளவுதான்" என்றேன்.

"நான் எப்பக் கடிச்சேன்?"

"நீ கடிக்கலடி. ஆனா நேரா உள்ள வந்து அலமாரியத் திறக்கற."

அவள் அதை மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, "சரி. குளிரு" என்றாள், யாரோ அடித்துச் சொல்லவைத்ததுபோல.

அன்றிலிருந்து அவள் செய்ததை நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். வெட்கப்பட்டே செத்திருப்பேன். வேலைக்கு வரும் வழியில் யாரிடமாவது பேசாமல் அவள் சலூனுக்குள் நுழைவதில்லை. பேச்சு அமையாமல் போனால் திரும்ப நடந்துபோய் வேறு ஆளைப் பிடிப்பாள். பலசரக்குக் கடையில் நாமே பணம் கட்டிக்கொள்கிற இயந்திரம் காலியாக இருந்தாலும், நீளமான வரிசையில் நின்று கல்லாவில் இருக்கும் பெண்ணிடம்தான் போவாள். இரும்புச் சாமான் கடைக்குப் போய் ஒரே ஒரு ஆணி வாங்குவாள், கடைக்காரரிடம் பேசுவதற்காக. அவர் முதலில், 'இந்தம்மா என்னத்தைக் கட்டுது?' என்று என்னிடம் கேட்டார்.

எல்லாம் சுகமாக நடக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஆளிடம் சிரித்துக்கொண்டே போய், "இன்னிக்கு நல்ல நாள்!" என்றாளாம். மதம் பரப்ப வந்தவள் என்று நினைத்து அவர், "எங்க வீட்டுல எல்லாரும் கத்தோலிக்கம்மா, விட்டுடுங்க" என்று தள்ளிப்போய் நின்றாராம். வந்து என்னிடம் சொல்லும்போது மூக்கு நுனியெல்லாம் சிவந்திருந்தது. குளிராலா, அவமானத்தாலா என்று தெரியவில்லை.

"விடு ஹலீனா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு எதுக்கு? மத்தியானம் தபால் நிலையம் போறேன்."

டிசம்பரில் அவளைச் சர்ச் அடுக்களைக்கு அழைத்துப் போனேன். கிறிஸ்துமஸ் விற்பனைக்காக எங்கள் பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பெரோகி செய்வார்கள். மாவை வட்டமாக வெட்டி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து, ஓரத்தைக் கிள்ளி மூடி, வேகவைத்து எடுப்பது. ஹலீனாவின் ஊரில் அதற்கு வரேனிகி என்று பெயர். அவள் கை மாவைத் தொட்டதும் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விரல் போவதே தெரியவில்லை. அப்போது மேசைக்குத் தலைவி மாதிரி இருக்கிற டோரிஸ் ஒரு பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். உருளைக்கிழங்கு மசியல். மஞ்சளாக இருந்தது.

ஹலீனா எட்டிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இது என்ன?"

"செடார் சீஸ்" என்றாள் டோரிஸ்.

"சீஸ்? வரேனிகில? மஞ்ச சீஸ்?"

"ஆமா. எப்பவும் இப்படித்தான் செய்றோம்."

"யாரு சொன்னா?"

"எங்கம்மா சொன்னா."

"உங்கம்மாவுக்கு யாரு சொன்னா? சுண்டெலியா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு டோரிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். மாவு படிந்த கையால் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். ஹலீனா நிறுத்தவில்லை. வெங்காயம் எப்படி வதக்க வேண்டும், என்ன பாலாடை வைக்க வேண்டும், உப்பு எப்போது போட வேண்டும் என்று நின்றுகொண்டே பிரசங்கம் செய்தாள். கோபத்தில் அவளுக்கு ஆங்கிலம் வந்தது. இலக்கணம் எல்லாம் நொறுங்கிக் கிடந்தது, ஆனால் ஒரு இடத்தில்கூட அவள் சொல் தேடி நிற்கவில்லை. டோரிஸ் விட்டுக் கொடுப்பவளா? "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா உன் பெரோகிய யாரு வாங்குவா? இந்த ஊருக்கு மஞ்சதான் வேணும்" என்றாள். சாயங்காலம் வரை சண்டை நடந்தது. வீட்டுக்குப் போகும்போது ஹலீனா இரண்டு டப்பா எடுத்துக்கொண்டு போனாள். ஒன்று மஞ்சள்.

அந்த மேசையில் அவள் இன்னொன்றையும் கவனித்திருக்கிறாள். காரில் வரும்போது சொன்னாள்.

"ட்ரூடி, டீச்சர் பொய் சொல்றா. நீங்க நோய் பேசறீங்க. ஒருத்திக்கு இடுப்பு ஆபரேஷன். ஒருத்தி புருஷன் மானை இடிச்சு வண்டி போச்சு. ஒருத்தி பையன் பேசறதே இல்ல. எல்லாம் சொல்றாங்க. ஆனா கடைசில எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. 'இதவிட மோசமா ஆயிருக்கலாம்.' சொல்லிட்டு மாவக் கிள்றாங்க."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். என் தகப்பனார் மாரடைப்பு வந்து கிடந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையேதான் சொன்னார்.

"அப்ப கேக்கறவங்க பயப்பட மாட்டாங்க" என்றாள் ஹலீனா. "நான் பாலின்கிட்ட அதைச் சொல்லல. எல்லாத்தையும் கொட்டிட்டு நின்னேன்."

ஜனவரியில் அவளுக்குக் கொஞ்சம் பிடி கிடைத்தது. மூக்கு மயிர் உறைகிற குளிரில் யார் உள்ளே வந்தாலும், "வண்டி ஸ்டார்ட் ஆச்சா? ராத்திரி எஞ்சின் உறையாம ப்ளக்குல போட்டீங்களா?" என்று கேட்கப் பழகினாள். அது ஒன்றுக்கே ஆண்கள் பத்து நிமிடம் பேசுவார்கள். ஹாக்கியும் உதவியது. ஆட்டம் அவளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் எங்கள் ஊர் அணி தோற்றுக்கொண்டே இருந்த வருஷம் அது. துண்டைப் போர்த்தும்போதே, "அந்த கோல்கீப்பருக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா?" என்று ஆரம்பிப்பாள். எதிரில் இருப்பவர் பொங்கிவிடுவார். ஹலீனா "ம்" என்றும் "அதான!" என்றும் சொல்லிக்கொண்டே வெட்டி முடிப்பாள். ஒரு தடவை எங்கள் அணி ஜெயித்த மறுநாளும் அதையே கேட்டுவிட்டாள். அதையும் சமாளித்தாள். "ஒரு நாள் தெரிஞ்சுது. நாளைக்குப் பாக்கலாம்" என்றாள்.

ஆனாலும் அவளுக்குத் திருப்தி இல்லை. "இது பேச்சு இல்ல, ட்ரூடி. இது பல்லு விளக்கறது. தினம் செய்யணும், செய்றேன். ஆனா சாப்பாடு எங்க?"

அப்படி இருக்கையில்தான் ஒரு வியாழக்கிழமை லோர்ன் வந்தார். ஊருக்கு வடக்கே கோதுமையும் கனோலா எண்ணெய்வித்தும் விளைவிக்கிற பெரியவர். கடையில், சர்ச்சில் பார்த்திருக்கிறேன், ஆனால் எங்கள் சலூனுக்கு அவர் வந்ததே இல்லை. முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். என் நாற்காலியில் ஆள் இருந்தது, வெர்னாவிடமும் இருந்தது. ஹலீனாவினுடையது காலி.

அவர் மனைவி ஐலீன் இறந்த செய்தி எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். ஹலீனாவுக்குத் தெரியாது. நான் சொல்வதற்குள் அவள் அவரை உட்காரவைத்துத் துணியைப் போர்த்திவிட்டாள். வண்டி ஸ்டார்ட் ஆனதா என்று கேட்டாள். ஆனது என்றார். வகுப்பில் படித்த அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. சிரித்த முகமாகக் கேட்டாள்.

"இந்த வாரக் கடைசிக்கு என்ன திட்டம்?"

லோர்ன் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை என் பொண்டாட்டிய அடக்கம் பண்றோம்" என்றார்.

என் கை நின்றுவிட்டது. இந்த மாதிரி நேரத்துக்கென்று எங்களிடம் வாக்கியங்கள் உண்டு. 'உங்க இழப்புக்கு வருந்தறோம்.' 'நல்ல மனுஷி.' 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க.' அதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு குறுக்கே போய் விழுந்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். ஹலீனா அதற்குள் சீப்பை வைத்துவிட்டு அவர் தோளில் கையை வைத்திருந்தாள்.

"பேரு என்ன?"

"ஐலீன்."

"ஐலீன்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "எப்படிச் செத்தாங்க?"

வெர்னா கையிலிருந்த தூரிகை கிண்ணத்துக்குள் விழுந்தது. ஊரே லோர்ன் வீட்டு வாசலில் மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுபோய் வைத்திருந்தது. நானும் வைத்தேன். அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை.

"கணையத்துல புத்துநோய்" என்றார் லோர்ன். "அறுவடைக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அவ அதுக்கு முன்னாடியே சாப்பாட்டக் கொறைச்சுட்டா. நான் கவனிக்கல. டிராக்டர்லயே இருந்தேன்."

"வலி இருந்துதா?"

"கடைசில இருந்துது."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அப்ப சரி" என்றாள் ஹலீனா. "இருந்தீங்க. அது நல்லது." பிறகு அவர் பின்னந்தலையில் விரல்களை விட்டுக் கோதிப் பார்த்தாள். "இதை யாரு வெட்டினா?"

"அவதான். சமையக்கட்டுல உக்கார வெச்சு வெட்டுவா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து." அவர் தொப்பியை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டார். "சடங்குக்கு இப்படிப் போய் நிக்கக் கூடாதுன்னு பொண்ணு சொன்னா. எனக்கு எங்க போறதுன்னே தெரியல."

"காட்டுங்க. எப்படி வெட்டுவாங்க?"

"என்னது?"

"அவங்க எப்படி வெட்டுவாங்களோ அப்படி நான் வெட்டறேன். சொல்லுங்க."

அவர் தன் தலையைப் பற்றி இதுவரை யாருக்கும் விவரித்ததில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி இடது காதைக் காட்டினார். சிறுவயதில் முள்கம்பியில் கிழிந்து ஓரம் போன காது. அதன் மேல் ஐலீன் எப்போதும் கொஞ்சம் முடியை இறக்கி விடுவாளாம். பின்கழுத்தைச் சவரக்கத்தியால் எடுக்க மாட்டாள், கை நடுங்கும். அதனால் அங்கே நேராக இருக்காது. "வளைஞ்சுதான் இருக்கும். பக்கத்து வயல்காரன் கிண்டல் பண்ணுவான்" என்றார்.

ஹலீனா வெட்ட ஆரம்பித்தாள். எங்கள் எல்லோரையும்விட நேராக வெட்டத் தெரிந்தவள், பார்த்துப் பார்த்துக் கோணலாக வெட்டினாள். வெட்டிக்கொண்டே கேட்டாள். ராத்திரி தூங்குகிறீர்களா? யார் சமைக்கிறார்கள்? மகள் எங்கே இருக்கிறாள், அவள் ஊருக்குத் திரும்பிப் போனபிறகு என்ன செய்வீர்கள்? ஐலீனின் உடுப்பையெல்லாம் என்ன செய்தீர்கள்? வகுப்பில் கூடாது என்று விரல் மடக்கிய எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். அவர் ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில், ஐலீன் ஒரு முறை டிராக்டரைக் குளத்துக்குள் விட்ட கதையைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்து முடிக்கும்போது அழுதார். ஹலீனா துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படவில்லை. கண்ணைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அவர் போனதும் பின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா கேட்டேன், இல்ல?"

"எல்லாமே தப்பாத்தான் கேட்டே" என்றேன். "நாங்க யாருமே கேட்டிருக்க மாட்டோம்."

"ஆனா அவர் பேசினாரு."

"பேசினாரு."

அவள் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது நவம்பரில் வெர்னா முன்னால் நின்ற முகம் இருந்தது. "அப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முதல்ல வானிலை. அப்புறம் ஹாக்கி. அது உங்களுக்கு. அதுக்கப்புறம் என் வழி. ஆள் கதவத் திறந்தா உள்ள போவேன். திறக்கலேன்னா திரும்ப ஹாக்கி."

சொன்னபடி செய்தாள். எல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். அடுத்த வாரமே ஒரு இளம்பெண், "அது என் சொந்த விஷயம்" என்று வெடுக்கென்று சொன்னாள். ஹலீனா கண் சிமிட்டாமல், "மன்னிச்சுக்கோ கண்ணு. அந்த கோல்கீப்பருக்கு என்னதான் ஆச்சு?" என்றாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. யார் கதவைத் திறக்கிறார்கள், யார் சாத்துகிறார்கள் என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பழகினாள். அது இங்கே வந்து கற்றுக்கொண்டது இல்லை என்று நினைக்கிறேன். மிக்கோலாயிவில் இருந்ததுதான், வழி தெரிந்ததும் வந்து சேர்ந்துகொண்டது.

லோர்ன் அடுத்த மாதமும் வந்தார். அவரைக் கிண்டல் செய்கிற பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் தன் அண்ணனை அனுப்பினார். வடக்குப் பக்கத்து விவசாயிகள் எல்லாம் இரும்புச் சாமான் வாங்க ஊருக்கு வருகிற சாக்கில் ஹலீனாவிடம் உட்கார ஆரம்பித்தார்கள். வாய் திறக்காத ஆட்கள் என்று நாங்கள் பெயர் சூட்டியிருந்தவர்கள் அவர்கள்.

கூரையிலிருந்து பனி உருகிச் சொட்ட ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை, வாசல் பெஞ்சில் இடமில்லாமல் ஆட்கள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். ஹலீனா ஒருத்தரை வெட்டி முடித்தும் எழுப்பாமல் பேசிக்கொண்டிருந்தாள். வெர்னா என் காதருகே வந்து பல்லைக் கடித்தாள்.

"ட்ரூடி, அவளக் கொஞ்சம் வாய மூடச் சொல்லேன். அடுத்த ஆளு எவ்வளவு நேரமா நிக்குது."

"நீங்களே சொல்லுங்க."

வெர்னா போய்ச் சொன்னாள். "ஹலீனா, பேச்சக் கொஞ்சம் கொறைச்சுக்கோ."

ஹலீனா ஜன்னலுக்கு வெளியே சொட்டுகிற கூரையைக் காட்டினாள். "பனி உருகிடுச்சு, வெர்னா. நான் கூட்டணுமா?"

"சும்மா இரு. வெட்டு" என்றாள் வெர்னா. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தக் கோடையில் ஹலீனா கார் ஓட்டும் உரிமம் எடுக்கப் போனாள். முதல் தேர்வில் தோற்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி விவாகரத்தில் இருக்கிறார் என்பது முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிட்டது. குழந்தைகள் யாரிடம் இருக்கிறார்கள் என்று கேட்க அவர் பக்கம் திரும்பியவள், நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டாள். எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் அவர் அவளை ஃபெயில் ஆக்கினாராம்.

"என்னடி இது?" என்றேன்.

"அவனுக்கு மனசு சரியில்ல, ட்ரூடி. அடுத்த வாரம் மறுபடி போறேன்."

போனாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இடம் வலம் பார்த்து, ஒரு சொல் பேசாமல் ஓட்டித் தேறினாள். வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் குழந்தைகளைப் பற்றிக் கேட்டாளாம்.

இப்போது அவளிடம் ஒரு பழைய டிரக் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் எங்கள் கடைக்கு விடுமுறை. அன்றைக்குக் கத்தரிக்கோல் பையோடு கிளம்பிவிடுவாள். நடக்க முடியாதவர்கள், ஊருக்கு வர மனமில்லாதவர்கள் என்று பண்ணை பண்ணையாகப் போய் வெட்டிவிட்டு வருகிறாள். எங்கள் பக்கத்து மண் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் வணக்கம். ஹலீனா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை முழுசாக வெளியே நீட்டி ஆட்டுவாள். சில பேர் ஏதோ ஆபத்து என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிடுகிறார்கள். நின்றதும் அவளும் நிறுத்திவிடுவாள். மழை வருமா என்று கேட்டு ஆரம்பிப்பாள்.